ஸ்விட்சுக்குத் தைத்த சட்டை

என் அம்மா எனக்குத் தர வேண்டிய பாக்கி நான்காயிரத்து நூற்றைம்பது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. பணத்துக்காகச் செய்தான் என்று நாளைக்கு யாரும் கதை கட்டிவிடக் கூடாது. பணம் எனக்குப் பெரிதில்லை. அந்தப் பாக்கி என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அப்போது உங்களுக்கே புரியும்.

நான் சுமை தூக்குகிறவன். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் பீரோ, பிரிட்ஜ், சோபா, சிமெண்ட் மூட்டை என்று எது மேலே போக வேண்டுமோ அது என் முதுகில் ஏறிப் போகும். எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நடுப்படியில் சுமையை இறக்கக் கூடாது. மூச்சு வாங்கினாலும், கால் நடுங்கினாலும், ஒன்று மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும், இல்லையென்றால் கீழே திரும்ப வேண்டும். நடுப்படியில் இறக்கிய சுமையை மறுபடி முதுகில் ஏற்றுவதற்குள் ஆள் காலி. இத்தனை வருடத்தில் அந்தக் கட்டுப்பாட்டை நான் ஒரே ஒரு தடவைதான் மீறியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

நாங்கள் குடியிருந்தது மாடியில், வாடகைக்கு. கீழே முன்பக்கம் தையல்கடை, பின்பக்கம் வீட்டுக்காரர். இரண்டு சுவருக்கு நடுவே ஒடுக்கமான படிக்கட்டு. அடியில் தெருக்கதவு, உச்சியில் எங்கள் கதவு, தலைக்கு மேல் தகரம். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்த பிறகு கால் ஊன்ற வரவில்லை. ஆபரேஷன் செய்தார்கள், கம்பி வைத்தார்கள், கால் மட்டும் கேட்கவில்லை. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து நான்தான் அவளைத் தூக்கினேன். பிரிட்ஜ் தூக்கும் பட்டையை அவள் முதுகுக்குப் பின்னால் கொடுத்து என் தோளில் மாட்டிக்கொள்வேன்.

"என்னை என்ன பிரிட்ஜுன்னு நினைச்சியாடா?"

"பிரிட்ஜ் பேசாதும்மா."

"பேசாது. ஆனா அதுக்கு உள்ளே குளிர்ச்சியாவது இருக்கும். உன் முதுகுல உக்காந்தா எனக்கு வேர்வைதான் மிச்சம்."

இப்படித்தான் பேசுவாள். நான் பொறுத்துக்கொள்வேன். மாதம் இரண்டு தடவை டாக்டரிடம் போக வேண்டும். நான் அவளைச் சுமந்துகொண்டு தெருவில் இறங்கினால் டீக்கடையில் பேச்சு நிற்கும். பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். "பாரு, பிள்ளைன்னா இவன் பிள்ளை." ஒரு பெண் போனில் படம் எடுத்துப் போட்டாள். எங்கெங்கோ இருந்து ஆயிரக்கணக்கில் கும்பிடு வந்ததாம். டீக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்குவதை நிறுத்தினார். வீட்டுக்காரர் வாடகை ஏற்றுவதை நிறுத்தினார். "உன்கிட்ட ஏத்தினா எனக்குத்தான் பாவம், தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இதற்கெல்லாம் ஆசைப்பட்டு நான் தூக்கவில்லை. தானாக வந்ததை எட்டி உதைக்கவும் இல்லை.

ஒரு நாள் முதுகிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏண்டா, டாக்டர் வீடு அந்தப் பக்கம்தானே?"

"இந்தப் பக்கம் நிழல் இருக்கும்மா."

"நிழலா, ஆளா?"

கடைத்தெரு வழியாகச் சுற்றித்தான் போவேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிழலும் இருந்தது.

என் முதுகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் மனுஷன், எனக்கும் வலிக்கும். அம்மா குத்திப் பேசிய நாட்களில் கூடுதலாக வலிக்கும். அப்போது அவளை இறக்க முடியாது. ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் அவள் மாடியிலேயே இருக்க வேண்டியதுதான். ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அவளே இறங்கி வருவாள், பேச்சில்தான் சொல்கிறேன். "நீ இல்லேன்னா எனக்கு யாருடா" என்பாள். சொன்னதும் வலி குறையும். உடம்பு விசித்திரமானது. "உன் முதுகுக்குக் காது இருக்குடா" என்றாள் ஒரு தடவை. அந்த முறை வலி ஒரு மாதம் இருந்தது.

என் தங்கை வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஒரு தடவை வந்து நான்கு நாள் தங்கினாள். அந்த நான்கு நாளும் என் முதுகு சரியில்லை. போகும்போது சொன்னாள், "அண்ணா, படிக்கட்டுல நாற்காலி லிஃப்ட் போட்டுடலாம். தண்டவாளம் மாதிரி ஒண்ணு பதிச்சு அதுல சேர் ஏறி இறங்கும். ஒருத்தர் வீட்டுல கழட்டிப் போட்டிருக்காங்க, சல்லிசா கிடைக்கும்."

"வாடகை வீடும்மா. வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டார்" என்றேன்.

அதை நான் சும்மா சொல்லவில்லை. அன்றே கீழே போய் வீட்டுக்காரரிடம் பேசினேன். "ஐயா, என் தங்கச்சி வந்து ஒண்ணு கேப்பா. சின்னப் பொண்ணு, விவரம் பத்தாது. உங்க படிக்கட்டு பாழாயிடும். நீங்க முடியாதுன்னுடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்." வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோனார். தன் படிக்கட்டின் மேல் இவ்வளவு அக்கறை உள்ள குடித்தனக்காரனை அவர் பார்த்ததில்லை. தங்கை கேட்டபோது முடியாது என்று கறாராகச் சொன்னார்.

அதோடு முடிந்திருக்கும். அம்மா ஜன்னலிலிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகியபடி படியேறி வந்து உட்கார்ந்தார். அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"முட்டி எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க. மொட்டை மாடிக்குப் போய் தண்ணித் தொட்டியப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

"அந்தச் சேர் வந்தா நீங்களும் உக்காந்து வரலாம். ஒரு மாடி ஏற்றம் மிச்சம். சுவத்துல ஒரு ஓட்டை கிடையாது, படியிலதான் திருகுவாங்களாம். கரண்ட் எங்க மீட்டர்ல. காலி பண்றப்ப கழட்டி, ஓட்டையை அடைச்சுக் குடுத்துடறோம். வேற என்ன வேணும் உங்களுக்கு?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேறு ஒன்றும் வேண்டாம் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

முக்கால் பங்கு பணம் தங்கை போட்டாள். மீதி பன்னிரண்டாயிரம் நான் கொடுத்தேன். கொடுக்கிறேன் என்று நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், "அது கடன். எழுதி வெச்சுக்கோ. உன்கிட்ட இனாம் வாங்கினா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே." பெற்றவள் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது? இருந்தாலும் சரி என்றேன். அவள் எங்கிருந்து திருப்பித் தரப் போகிறாள் என்று நினைத்தேன்.

மெக்கானிக் வந்து ஒரே பகலில் மாட்டிவிட்டார். நல்ல மனுஷர், பொறுமையாக விளக்கினார். நாற்காலி பேட்டரியில் ஓடும். மேலேயோ கீழேயோ கடைசியில் போய் நிற்கும்போது தானாக சார்ஜ் ஏறும். அதற்கு எங்கள் வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்விட்ச். அதை அணைக்கவே கூடாது. அணைத்தால் நாற்காலி கீச்சுக் கீச்சென்று கத்தி எச்சரிக்கும், அப்படியும் கவனிக்காவிட்டால் போகிற வழியில் நின்றுவிடும். "எல்லாம் ரொம்ப சுலபம்" என்றார். உண்மைதான்.

அம்மா முதல் தடவை இறங்கியபோது தெருவே வந்து கதவடியில் நின்றது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஏதோ மந்திரி விமானத்திலிருந்து இறங்குகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டே வந்தாள். கைதட்டினார்கள். ஒரு நாற்காலிக்குக் கைதட்டினார்கள் ஐயா. பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நான் மேல்படியில் நின்றிருந்தேன். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா மாடியில் தங்கவே இல்லை. காலையில் இறங்கினால், கீழே சுவரோரம் நிறுத்தியிருந்த சக்கர நாற்காலியில் மாறிக்கொண்டு நேரே தையல்கடைக்குள் போய்விடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் காஜா எடுத்தவள், பொத்தான் துளையைச் சுற்றி நூல் கட்டும் வேலை. கை மறக்கவில்லை. பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடக்க, தையல்காரருக்கு ஆள் கிடைத்தது. "அக்கா, உங்க காஜாவுல பொத்தான் போனா திரும்ப வர மனசே வராது" என்று அவர் சொல்வதும், அம்மா சிரிப்பதும் மாடிக்குக் கேட்கும். நான் வேலை முடிந்து வந்தால் வீடு காலி. நானே உலை வைத்தேன், நானே தின்றேன். வாரா வாரம் என் தட்டுக்கு அடியில் பணம் இருக்கும். கடன் குறைந்துகொண்டே வந்தது.

ஊர் வாயும் திரும்பியது. டீக்கடைக்காரர் ஒரு நாள், "ஏம்பா, இந்தச் சேரை முன்னாடியே போட்டிருக்கலாமே? பாவம் அந்தம்மாவ இத்தனை நாள் மேலயே வெச்சிருந்தியே" என்றார். அன்று டீக்குக் காசும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். "இப்பதான் அம்மா சம்பாதிக்கிறாங்களே" என்றார். அதைச் சொல்வதற்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் மேலே வந்தார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னாள், "கடைக்குப் பின்னால ஒரு ரூம் சும்மா கிடக்குடா. உன் கடன் முடிஞ்சதும் நான் அங்க போயிடறேன். படியே ஏற வேண்டாம். இந்தச் சேரையும் கழட்டிடலாம். உனக்கும் பாரம் குறையும்."

பாரம் குறைய வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்? பாரம் தூக்கித்தானே நான் பிழைக்கிறேன்.

முதல் தடவை ஸ்விட்சை அணைத்தது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான். மீட்டர் எங்களுடையது. மறுநாள் நாற்காலி அம்மாவோடு நடுப்படியில் நின்றுவிட்டது. அவள் கூப்பிட்டாள், நான் ஓடினேன், பட்டையை மாட்டினேன், தூக்கி இறக்கினேன். அதற்குள் தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. "என்னதான் மிஷின் வந்தாலும் பெத்த பிள்ளை மாதிரி வருமா" என்று டீக்கடைக்காரர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவ்வப்போது மின்சாரத்தை மிச்சம் பிடித்தேன். அந்தக் கீச்சுச் சத்தம் தலைவலியாக இருந்ததால், அது வருகிற ஓட்டையில் டேப் ஒட்டி அடக்கினேன். மெக்கானிக் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. யாராவது ஸ்விட்சை அணைக்கறீங்களா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். மறுநாள் சட்டைத் துணியில் ஒரு சின்ன உறை தைத்து வந்து, ஸ்விட்சின் மேல் நாலு பக்கமும் ஒட்டச் செய்துவிட்டாள். நடுவில் திறப்பு, அதற்கு ஒரு காஜா, ஒரு வெள்ளைப் பொத்தான். ஸ்விட்சுக்குச் சட்டை.

"எதுக்கும்மா இது?"

"அதுக்குக் குளிருதாம்."

அந்த உறையை நான் ஒருநாளும் கிழித்ததில்லை. பொத்தானைக் கழற்றி, ஸ்விட்சை அணைத்து, மறுபடி பொத்தானைப் போட்டுவிடுவேன். அம்மாவின் கைவேலைக்கு நான் கொடுத்த மரியாதை அது. அந்தக் காஜாவை வேறு யாரும் அவ்வளவு பக்குவமாகத் திறந்து மூடியிருக்க மாட்டார்கள்.

இனி நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன்.

தையல்காரர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். கடைச் சாவி அம்மாவிடம். வீட்டுக்காரர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், அன்று மாலை வருவதாகப் பேச்சு. பக்கத்து மனையில் பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள், காலையிலிருந்தே இயந்திரச் சத்தம். அம்மா வீட்டில் வைத்து முடித்த சட்டைகளையும் பாதி முடிந்தவற்றையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இறங்கினாள். அந்த மூட்டைக் கூலி வந்தால் கடனில் ஒரு பெரிய துண்டு கழியும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். சந்தோஷமாகச் சொன்னாள்.

நாற்காலி நடுப்படியில் நின்றது.

அவள் கூப்பிட்டாள். கேட்டது. இயந்திரச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. உடனே போகவில்லை. படியில் ஒற்றை ஆளாகத் தூக்குவது ஆபத்து, நாலு பேர் வரட்டும் என்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். அந்த வெயிலில் ஒரு ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பட்டையை எடுத்துக்கொண்டு மேல்படிக்கு வந்தேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை.

"பொத்தானை நீட்டா போட்டுட்டியாடா?"

நான் ஒரு படி இறங்கினேன்.

"வேண்டாம். தொடாதே. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்துடுவாரு. ஆளை வெச்சு எறக்கச் சொல்றேன். அதுவரைக்கும் எனக்கு வேலை இருக்கு. உன் முதுகுல இனிமே ஏறறதா இல்ல. நீ போ."

இதுதான் நடந்தது. தூக்க வந்தவனைத் தொடாதே என்றாள். பெற்ற தாய் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். போ என்றாள், போனேன்.

வீட்டுக்காரர் இன்னும் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதாகக் காலையில் எனக்குப் போன் செய்திருந்தார். அம்மா என்னிடம் அதைக் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. படி ஒடுக்கம் என்பதால் சுவரோடு ஒட்டி, அவள் முழங்காலில் இடிக்காமல் தாண்டி இறங்கினேன். தெருக்கதவை வெளியே பூட்டினேன். கீழே யாரும் இல்லாத வீடு, திறந்து போட்டுவிட்டா போவார்கள்? சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டீக்கடையில், "அம்மா சௌக்கியமா?" என்றார்கள். "ஜம்முன்னு உக்காந்திருக்காங்க" என்றேன்.

அடுத்த ஊரில் ஒரு ஆபீஸை இடம் மாற்றும் வேலை இருந்தது. இரண்டு நாள் வேலை. அன்று மாலை தங்கை போன் செய்தாள். "அம்மா போனை எடுக்கவே இல்லையே அண்ணா?" அம்மாவின் போன் மாடியில், கட்டில்மேல் இருந்தது. மாத்திரைகளும் தண்ணீரும்கூட அங்கேதான். "கீழ டைலர் கடையில இருப்பாங்க, மிஷின் சத்தத்துல கேட்டிருக்காது" என்றேன். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதையே சொன்னேன். இரண்டு நாளும் மேசைகளையும் இரும்பு அலமாரிகளையும் ஏற்றி இறக்கினேன். ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை. என் கூட வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கொஞ்சம் யோசிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். நீ இல்லையென்றால் எனக்கு யார் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான். அதைக் கேட்க நான் அங்கே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவள் நாற்காலியில் நேராகவே உட்கார்ந்திருந்தாள். தகரத்தின் சூடு முகத்தில் அடித்தது. பெல்ட் முறுக்கிக்கொண்டு மாட்டியிருந்தது. ஒரு தடவை அவிழ்த்துப் படிகளைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாள். விவரமானவள். மடியில் ஒரு சட்டை, கடைசிக் காஜாவில் ஊசி குத்தியபடி. அதற்கு முந்தியவை எல்லாம் முடிந்து, மடிக்கப்பட்டு, பையில் இருந்தன. கையில் காயமோ, கதவில் தட்டிய தடமோ உண்டா என்று கேட்டீர்கள். கதவு அவளுக்கு எட்டாது. நாற்காலியின் கைப்பிடியில் கத்தரிக்கோலால் தட்டியிருக்கிறாள், வண்ணம் உதிர்ந்திருந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், முதலில் தெருக்கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். பிறகு சத்தம் போட்டேன். ஆட்கள் வந்தார்கள். வந்த பிறகுதான் பட்டையை மாட்டி அவளை என் முதுகில் ஏற்றினேன். யாரோ கை கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றேன். தெரு முழுக்க நின்று பார்த்தது. டீக்கடைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு அழுதார். "கடைசி வரைக்கும் சொமந்தான்யா" என்றார். அம்மா அன்று ஒன்றும் பேசவில்லை.

பிறகு தங்கை வந்தாள். கதவு ஏன் வெளியே பூட்டியிருந்தது என்று அவள்தான் கேட்டாள். மெக்கானிக்கை வரவழைத்து டேப்பை எடுத்துக் காட்டியதும், உறையைத் திறந்து ஸ்விட்சைக் காட்டியதும் அவள்தான். சின்னப் பெண், துக்கத்தில் இருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஸ்விட்சை அணைத்தது நான். பூட்டியது நான். கூப்பிட்டது கேட்டும் போனது நான். நீங்கள் கேட்டதெல்லாம் இதுதானே? சொல்லிவிட்டேன். எனக்கு மனசை உறுத்துவது ஒன்றே ஒன்றுதான். நடுப்படியில் சுமையை இறக்கக் கூடாது. தொழில் தெரிந்தவன் அதைச் செய்யக் கூடாது.

படியில் உள்ள ஓட்டைகளை அடைத்துத் தரச் சொல்லி வீட்டுக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார். அட்வான்சில் கழித்துக்கொள்ளட்டும்.

பாக்கி விஷயம் சொல்கிறேன் என்றேன். பையில் இருந்த சட்டைகளைத் தையல்காரர் எண்ணிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூலியை என் கையில் கொடுத்தார். ஊசியோடு நின்ற கடைசிச் சட்டைக்கும் சேர்த்தே கொடுத்தார். அது அரைகுறை என்பதால் அதை நான் வரவு வைக்கவில்லை, அவரிடமே திருப்பிவிட்டேன். மற்றதைக் கழித்தால் நிற்பது நான்காயிரத்து நூற்றைம்பது. அதை விட்டுவிட்டேன். தங்கையிடமும் கேட்கப் போவதில்லை. பெற்ற தாயிடம் கணக்குப் பார்க்கிற ஆள் நான் இல்லை ஐயா.